அம்மாவின் முட்டி விறைப்பு: ரஸ் டாக்ஸா, பிரையோனியாவா?

வணக்கம் தம்பி. மன்னார்குடிப் பக்கம் நடவுக்குப் போகிற அம்மாவுக்குக் காலையில் முட்டியும் இடுப்பும் பிடித்துக்கொள்கிறது, நாலு எட்டு நடந்தால் இளகிவிடுகிறது, ரஸ் டாக்ஸ் என்கிற ஹோமியோபதி மருந்து கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குறுவை நடவு சமயத்தில் என் அத்தையும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார்.

நீங்கள் சொன்ன குறிகள் ஹோமியோபதியில் ரஸ் டாக்ஸுக்கு உரியவைதான். தொட்டாலே தோல் கொப்பளிக்கிற ஒரு வட அமெரிக்கக் கொடியின் இலையிலிருந்து செய்கிற மருந்து அது. அதற்குரிய குறிகள்: முதல் அசைவில் வலி, அசைய அசையச் சுகம். ஈரத்திலும் குளிரிலும் கூடும், வெந்நீர் ஊற்றினால் அடங்கும். ராத்திரி ஒரு பக்கமாகப் படுக்க முடியாமல் புரண்டுகொண்டே இருப்பார்கள். நாக்கு நுனி முக்கோணமாகச் சிவந்திருக்கும் என்பார்கள். பிரையோனியா என்கிற இன்னொரு ஹோமியோபதி மருந்துக்குரிய குறிகள் நேர் எதிர்: அசைந்தாலே வலி, வலிக்கிற பக்கத்தை அழுத்திப் படுத்தால் சுகம்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. இந்த மருந்துகளில் 30 வீரியம் என்றால் நூற்றில் ஒன்றாக 30 முறை கரைத்தது. அதில் செடியின் அணு ஒன்றுகூட மிஞ்சாது. வலியைத் தீர்க்கும் என்பதற்கு உறுதியான ஆய்வுச் சான்றும் இல்லை. இதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். விறைப்பு ஒரு மணி நேரத்தைத் தாண்டினாலோ விரல் மூட்டு வீங்கினாலோ முடக்குவாதமா என்று ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

சேற்றில் நின்று வந்த நாட்களில் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலித்து, கண் சிவந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய், வயல் தண்ணீரில் நின்றதை டாக்டரிடம் சொல்லுங்கள்.