தேய்ந்த கிட்டார் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கமுங்க. சோமனூருக்குப் பக்கம் சொந்தமா தறிக்குடோன் இருக்கு. வயசு முப்பத்தி ஆறு. காலேஜ்ல ரூம்மேட்டோட கிட்டார்ல ஒரு வருசம் முட்டி மோதிட்டு விட்டுட்டனுங்க. எனக்கு விரல் தடிமன், கம்பி அமுங்கவே மாட்டேங்குது. ஒரே விரல்ல ஆறு கம்பியையும் அமுக்கற எஃப் கார்டோட நின்னு போச்சு. இப்ப மறுபடியும் ஆசை வந்து செகண்ட்ஹேண்ட்ல ரெண்டு பார்த்து வெச்சிருக்கேன். ஒண்ணு கோயமுத்தூர் சாய்பாபா காலனில. வாங்கி மூணு வருசம், பையை விட்டு எடுத்ததே இல்லையாம், ஒரு கீறல் கிடையாது. ஏழாயிரம். இன்னொண்ணு திருப்பூர்ல, ஆர்கெஸ்ட்ராவுல வாசிச்ச ஒருத்தரோடது. முன்பக்கம் தேய்ஞ்சு கட்டை தெரியுது, கழுத்துல குறுக்கே அடிச்ச உலோகப் பட்டை, அந்த ஃப்ரெட்டெல்லாம் பள்ளம். ஐயாயிரத்தி ஐநூறு. கூடவே சத்தத்தைக் கூட்டிக் குடுக்கற ஒரு பழைய ஆம்ப்பும் தர்றாங்க, ஆனா போட்டதும் உறுமுது. வீட்டுல, "ஊரான் தேய்ச்சது நமக்கெதுக்கு, புதுசு வாங்க வக்கில்லையா"ங்கறாங்க. எனக்கும் கூச்சமாத்தான் இருக்கு. எதை வாங்கட்டும்? இந்த வயசுல வருமா? தேய்ஞ்சதை வாங்கினா வார்னிஷ் அடிச்சுக்கலாமா? எந்தக் கம்பி நல்லது? தறிச் சத்தத்துல ட்யூன் பண்றது எப்படி? எம் பேரு போட வேண்டாமுங்க.

அன்புள்ள தம்பி,

இந்த வயதில் வருமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. முப்பத்தாறு வயதுக்காரர் அதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். என் வயதைக் கேட்டால் நீங்கள் ஓடிவிடுவீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது விரல் தடிமன் என்ற வரி. போன மாதம் சொந்தத்தில் ஒரு பெண், கல்லூரிக்குப் போகிறவள், இதையே திருப்பிச் சொன்னாள். "எனக்கு விரல் குட்டைங்க பெரியம்மா, கிட்டாரெல்லாம் எட்டாது." அதற்கு முன்னால் ஒருவர் தன் விரல் மெலிசு, எலும்பு குத்துகிறது என்றார். ஆளாளுக்கு விரலில் ஒரு கோளாறு. கிட்டாருக்கென்று அளவெடுத்த விரலோடு பிறந்தவன் எந்த ஊரில் இருக்கிறானோ! அந்தப் பெண்ணின் கிட்டாரை வாங்கி, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஸ்கேலை நிறுத்திப் பார்த்தேன். ஃப்ரெட்டுக்கும் தடித்த கம்பிக்கும் நடுவில் 4 மில்லிமீட்டர். இரண்டரை இருந்தால் போதும். கிட்டார் வாங்கிய நாளிலிருந்து அவள் தன் விரலைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். அதிலிருந்து எனக்கு இதே நினைப்பு. அதற்குள் உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது.

என் சித்தப்பா கோயமுத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறையில் இருந்தார். பகலெல்லாம் பம்ப் ஷாஃப்ட் கடைசல். தை பிறந்துவிட்டால் வைகாசி வரைக்கும், நோம்பி சாட்டிய ஊர்களில் ராத்திரி மெல்லிசைக் கச்சேரியில் பேஸ் கிட்டார். அன்னூர், அவினாசி, புளியம்பட்டி என்று போய்விட்டு விடிகாலையில் வந்து விழுவார். எட்டு மணிக்குப் பட்டறையில் இருப்பார். அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. கோயமுத்தூரைச் சுற்றி இன்ஜினியரிங் கல்லூரிகள் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. நாலாம் வருடம் முடித்து ஹாஸ்டலைக் காலி செய்கிற பையன்கள் கிட்டாரை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். சித்தப்பா அதை வாங்கி, சரிசெய்து, வேண்டியவர்களுக்குக் கொடுப்பார். சிலரிடம் காசு வாங்குவார், சிலரிடம் மறந்துவிடுவார். சித்திக்கு அதில் தீராத மனக்குறை.

அப்படி வந்தவை பெரும்பாலும் பளபளவென்று இருக்கும். அதைப் பார்த்து அவர் ஒருநாளும் சந்தோஷப்பட்டதில்லை. முதல் மூன்று ஃப்ரெட்டில் கட்டைவிரலை ஓட்டிப் பார்ப்பார். "இதுல ஒருத்தனுமே வாசிக்கல பாரு கண்ணு. ஏன் வாசிக்கலைன்னு பார்ப்போம் வா" என்பார். பிறகு பட்டறைச் சாமான்களை எடுப்பார். வெர்னியர், ஃபீலர் கேஜ், கனமான கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டிய உப்புத்தாள். கேஸ் வெல்டிங் நாசில் அடைத்துக்கொண்டால் குத்திச் சுத்தம் செய்ய மெல்லிய கம்பி அரங்கள் கொத்தாக வருமே, அதிலும் ஒன்று.

அந்த அரம் எதற்கு என்பதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், உங்கள் எஃப் கார்டு அங்கேதான் சிக்கியிருக்கிறது. கிட்டாரின் தலைமாட்டில் கம்பிகள் உட்கார்ந்து வருகிற வெள்ளைத் துண்டு நட். அதில் ஆறு காடிகள். கடையில் தொங்குகிற கிட்டாரில் அந்தக் காடிகளைப் பெரும்பாலும் ஆழமாக அறுத்திருக்க மாட்டார்கள். அதிகமாக அறுத்தால் கரகரக்கும், கரகரத்தால் திரும்பி வரும். உயரமாக இருந்தால் வாங்கினவன் தன் விரலைத்தான் திட்டிக்கொள்வான், கடைக்காரரிடம் வரமாட்டான். எஃப் கார்டைப் பிடிப்பதோ நட்டுக்கு ஒட்டின முதல் ஃப்ரெட்டில். கம்பி மிக விறைப்பாக நிற்கிற அந்த இடத்தில் ஒரே விரலால் ஆறையும் அமுக்க வேண்டும். இழுத்துக் கட்டிய நிலையில் ஒரு சாதாரண செட்டின் ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 கிலோ விசையில் இழுத்துக்கொண்டிருக்கின்றன. அதோடு போராடித் தோற்றுவிட்டு விரல் தடிமன் என்று கடிதம் எழுதுகிறீர்கள்.

சோதித்துப் பாருங்கள். ஒரு கம்பியை இரண்டாவது ஃப்ரெட்டுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் அமுக்கிக்கொண்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் எவ்வளவு இடைவெளி என்று குனிந்து பாருங்கள். ஒரு தாள் நுழைகிற அளவு இருக்கலாம். அதற்கு மேல் தாராளமாகத் தெரிந்தால் காடியை இறக்க வேண்டும். குனியச் சோம்பலாக இருந்தால் முதல் ஃப்ரெட்டில் கேப்போ, அதாவது ஆறு கம்பியையும் அமுக்கிப் பிடிக்கிற கவ்வி, மாட்டி, அதே எஃப் உருவத்தை ஒரு ஃப்ரெட் தள்ளிப் பிடியுங்கள். சட்டென்று இலகுவாகிவிட்டதா? குற்றம் நட்டின் மேல். விரலை விடுதலை செய்துவிடலாம். சித்தப்பா அந்த நாசில் அரத்தை இரண்டு இழுப்பு இழுப்பார், கம்பியைப் போட்டுப் பார்ப்பார், மறுபடி இரண்டு இழுப்பு. ஒரு இழுப்பு கூடினால் நட்டையே மாற்ற வேண்டியதுதான் என்பதால் அந்த நேரத்தில் வீட்டில் யாரும் அவரோடு பேசக்கூடாது. மறுமுனையில் கம்பிகளைத் தாங்குகிற துண்டு சேடில், அதில் அவ்வளவு பயமில்லை. அடியில் பென்சில் கோடு போட்டு, கண்ணாடி மேல் ஒட்டிய உப்புத்தாளில் தேய்ப்பார். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் எடுக்க வேண்டும்.

கழுத்துக்குள் ஓடுகிற இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடைத் திருகினால் கம்பி இறங்கிவிடும் என்று யூடியூபில் பார்த்துவிட்டு எனக்கு எழுதுகிறவர்கள் வேறு இருக்கிறார்கள். அது கழுத்தின் வளைவைச் சரிசெய்ய. கிப்சன் கம்பெனி 1923-ல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு. நூறு வருடமாகியும் அதைக் கம்பி உயரத்தைக் குறைக்கிற திருகாணி என்று நினைத்துத் திருகி உடைக்கிறார்கள். தொடாதீர்கள்.

சாய்பாபா காலனிக்கு வருவோம். மூன்று வருடமாகப் பையை விட்டு எடுக்கவில்லை என்று விற்கிறவர் பெருமையாகச் சொல்கிறார், நீங்களும் பெருமையாக எழுதுகிறீர்கள். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டீர்களா? ஆசைப்பட்டுத்தானே அவரும் வாங்கியிருப்பார்? முதல் வாரம் ராத்திரியெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரை விரட்டிய கிட்டார் உங்களை மட்டும் கொஞ்சப்போகிறதா? கீறலே இல்லாத பழைய கிட்டாரைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது.

திருப்பூர்க் கிட்டாரில் பள்ளம் என்கிறீர்களே, எங்கே பள்ளம்? நான் சொல்லட்டுமா? முதல் மூன்று, நான்கு ஃப்ரெட்டில், கடைசி இரண்டு மெல்லிய கம்பிகளுக்குக் கீழே இருக்கும். அவை மேல்சுற்று இல்லாத வெறும் எஃகு. ஃப்ரெட்டோ செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது. எஃகு அதைத் தின்றுவிடும். அந்த இடத்தில் ஒருவர் வருடக்கணக்கில் அமுக்கியிருக்கிறார், அவரால் அமுக்க முடிந்திருக்கிறது. ஒரே ராத்திரியில் பாட்டுக்குப் பாட்டு மாறிக்கொண்டே இருக்கிற கச்சேரியில் அமுங்காத கிட்டாரோடு எப்படிப் பிழைப்பார்? நட், சேடில் எல்லாம் என்றைக்கோ இறக்கப்பட்டிருக்கும். பள்ளத்தைத் தட்டை அரத்தால் மட்டம் செய்து, முக்கோண அரத்தால் தலையை உருட்டிவிடலாம். ஆழம் அதிகமென்றால் அந்த மூன்று, நான்கை மட்டும் பிடுங்கிவிட்டுப் புதிது அடிப்பார்கள்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லவில்லை. சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி பாருங்கள். சேடிலைத் தாங்கி முன்பலகையில் ஒட்டியிருக்கிற கட்டை பிரிட்ஜ், அதன் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகுங்கள். உள்ளே போனால் பசை விட்டுப்போயிருக்கிறது. சித்திரை வெயிலில் கார் டிக்கியில் கிடந்த கிட்டாருக்கு இது வரும். தலையும் கழுத்தும் சேருமிடத்தில் விரிசல் இருக்கிறதா பாருங்கள். சேடிலில் இனி தேய்க்க உயரம் மிச்சமில்லை, ஆனாலும் கம்பி உயரமாகத்தான் நிற்கிறது என்றால் வணக்கம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிடுங்கள். அதைச் சரிசெய்யக் கழுத்தையே கழற்ற வேண்டும், கிட்டார் விலையை விடச் செலவாகும். எந்த மாதத்தில் பார்க்கிறீர்கள் என்பதும் கணக்குதான். ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வரும்போது கட்டை ஊறி முன்பலகை உப்பும், கம்பி உயரும். மாசி பங்குனியில் வறண்டு சுருங்கி, ஃப்ரெட் முனைகள் கையைக் கீறும்.

கூச்சமாக இருக்கிறது என்கிறீர்கள். இதற்குத்தான் உங்களை நேரில் திட்ட வேண்டும் போலிருக்கிறது. உங்கள் பக்கத்தில் ஆட்டோலூம் போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். சுவிட்சர்லாந்துக்காரன் செய்த சுல்சர் தறி, ஐரோப்பாவில் வருடக்கணக்கில் ஓடி, அங்கே கழித்துக் கட்டியது, கப்பலேறி வந்து பல்லடத்திலும் சோமனூரிலும் ஓடுகிறது. அதற்குப் பூஜை போட்டு, சந்தனம் தெளித்து, சொந்தபந்தத்தைக் கூப்பிட்டுச் சோறும் போடுகிறோம். பழைய லேத்தை வாங்கிப் போட்டு முதலாளி ஆனவர்கள் கோயமுத்தூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அப்போதெல்லாம் ஊரான் தேய்ச்சது என்று யாரும் சொல்லவில்லை. சம்பாதிக்கிற சாமான் பழசாக இருந்தால் சாமர்த்தியம், பாட்டுக்கு வாங்குவது பழசாக இருந்தால் மட்டும் வக்கில்லாமையா? வீட்டில் இருக்கிறவர்களிடம் நான் கேட்டதாகவே கேளுங்கள்.

வார்னிஷ் அடிக்கக் கூடாது. உப்புத்தாளும் போடக் கூடாது, ஃபெவிகால் டப்பாவோடு கிட்டத்திலேயே போகாதீர்கள். அந்த முன்பலகை மெலிசாக இருப்பதே அதிர்வதற்குத்தான். அதன் மேல் கெட்டியாக ஒரு பூச்சைப் பூசினால் சத்தம் உள்ளேயே அமுங்கும். விரல் ஓடுகிற பலகை ரோஸ்வுட்டாக இருந்தால், பல பழைய கிட்டார்களில் அதுதான், ஈரம் பிழிந்த துணியால் துடைத்துவிட்டு ஒரு சொட்டு எண்ணெய் தடவினால் போதும். நம் ஆனைமலையிலும் நீலகிரியிலும் வளர்கிற தோதகத்தி. பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது கஷ்டமானதும் அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி 1969-ல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அன்றிலிருந்து உலகத்தின் நல்ல கிட்டார்களில் பாதிக்கு மேல் நம் பக்கத்து மரம் என்று சித்தப்பா அளப்பார். பாதி என்பது அவர் சொந்தக் கணக்கு. மாறியது உண்மை.

ஆம்ப் விஷயத்தில் மட்டும் விளையாடாதீர்கள். உறுமல் தறி ஓடும்போது மட்டுமா, தறி நின்ற பிறகுமா என்று முதலில் கவனியுங்கள். தறி மோட்டாரோடு நின்றுவிட்டால் பெரிய பிரச்சினை இல்லை, வேறு லைனில் போட்டுக்கொள்ளலாம். அப்புறம் பிளக்கைப் பாருங்கள். மூன்றாவது முள்ளை ஒடித்துவிட்டு ஓட்டுகிற பழக்கம் கச்சேரிக்காரர்களுக்கு உண்டு, உறுமல் குறைகிறது என்பார்கள். கம்பியின் அதிர்வை ஆம்ப்புக்கு அனுப்புகிற பிக்கப் வைத்த கிட்டாரில் பெரும்பாலும் கம்பிகளே ஆம்ப்பின் எர்த்தோடு சேர்ந்திருக்கும். எர்த் இல்லாத ஆம்ப்பில் கசிவு வந்தால் அது உங்கள் கைக்கு வரும், இன்னொரு கையில் மைக் இருந்தால் நெஞ்சு வழியாகப் போகும். லெஸ் ஹார்வி என்ற ஸ்காட்லாந்துக் கிட்டார்க்காரர் 1972-ல் வேல்ஸில் ஸ்வான்சி நகர மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு அங்கேயே இறந்துபோனார். உங்கள் தறிக்குடோன் எலக்ட்ரீஷியன் பார்த்துச் சரி என்று சொல்கிற வரை அந்த ஆம்ப் மூலையில் இருக்கட்டும்.

தறிச் சத்தத்தில் ட்யூன் செய்யப் போன் ஆப் உதவாது, அது தறியைத்தான் கேட்கும். தலையில் கவ்விக்கொள்கிற கிளிப் ட்யூனர் வாங்குங்கள். அது மரத்தின் அதிர்வைப் படிக்கிறது, பக்கத்தில் எத்தனை தறி ஓடினாலும் அதற்குக் கவலையில்லை.

திருப்பூருக்குப் போனால் முதலில் அவரை ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லுங்கள், கையைக் கவனியுங்கள். ஏன் விற்கிறார் என்று கேளுங்கள், ஆனால் துருவாதீர்கள். ரொம்பப் பேரம் பேச வேண்டாம். ஐநூறு குறைத்தால் அது கம்பிக்கும் ட்யூனருக்கும் ஆகும். கம்பி எந்தக் கம்பெனியாகவும் இருக்கட்டும், புதிதாக இருக்கட்டும். கடையில் பன்னிரண்டு கேஜ் கொடுப்பார்கள், பதினொன்று கேட்டு வாங்குங்கள், எண் குறைந்தால் கம்பி மெலிசு.

அன்புடன்,
அக்கா