குமரி மாவட்டத்தில் தொட்டிச் செடி வளர்ப்போர் கேட்டவை

வடசேரி: அக்கா, மாடியில் தொட்டிகள் வைத்தால் கட்டடம் தாங்குமா என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.

பயம் நியாயமானதுதான். 20 லிட்டர் தொட்டியில் ஈர மண் நிறைந்தால் முப்பது கிலோவை எட்டிவிடும். கலவையில் பாதியைத் தென்னை நார்க்கழிவாக்குங்கள். நம் மாவட்டத்தில் அதற்கா பஞ்சம்? அதில் உப்பு இருக்கும் என்பதால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்துவிடுங்கள். மீதி செம்மண்ணும் மக்கிய சாணமும். தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவர் வரும் ஓரங்களில் செங்கல் மேல் வையுங்கள். பழைய கட்டடம் என்றால் பொறியாளரிடம் முதலில் கேளுங்கள்.

குளச்சல்: கடலுக்குப் பக்கத்து வீடு. ரோஜா இலைகள் ஓரம் கருகுகின்றன.

உப்புக்காற்று. ரோஜாவை மறந்துவிடுங்கள். காகிதப்பூ, நித்தியகல்யாணி, கற்றாழை தாங்கும். அரளியும் தாங்கும், ஆனால் அது முழுக்க நஞ்சு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

மார்த்தாண்டம்: ஆடியில் நட்ட மிளகாயும் கத்தரியும் வேர் அழுகிப் போகின்றன. அடியில் ஜல்லிகூடப் போட்டேன்.

சிக்கல் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது தென்மேற்குப் பருவமழை எட்டாத ஊர்களுக்குச் சரி. நமக்கு ஜூனிலிருந்து ஒரு மழை, அக்டோபரிலிருந்து இன்னொன்று. சென்னைக்காரர் போடும் அட்டவணையை இங்கே பின்பற்றினால் தொட்டி சேறாகும். மிளகாயையும் கத்தரியையும் தை, மாசியில் நடுங்கள். மழைக்காலத்தைச் சேம்புக்கும் கொடிப்பசலைக்கும் விடுங்கள், இரண்டும் ஈரத்தில் கொழிக்கும்.

அடுத்தது ஜல்லி. எல்லோரும் சொல்கிறார்கள், நான் ஒப்ப மாட்டேன். நுண்ணிய மண்ணிலிருந்து நீர் எளிதில் ஜல்லிக்குள் இறங்காது. அதன் மேலேயே தேங்கி, வேருக்கு உள்ள இடத்தைக் குறைக்கும். துளைமேல் ஓர் ஓட்டுச்சில்லு போதும். கலவையே பொலபொலவென்று வடிய வேண்டும். துளைகளை அடியில் மட்டுமன்றிப் பக்கவாட்டிலும், தரையை ஒட்டி, போடுங்கள்.

ஆரல்வாய்மொழி: காற்றில் தொட்டிகள் உருளுகின்றன, அக்கா.

காற்றாலைக்காரர்கள் தேடி வந்த ஊரில் உருளாமல் என்ன செய்யும்! தகரத்தால் அடைக்காதீர்கள், காற்று மேலேறி மறுபக்கம் சுழன்றடிக்கும். பாதி காற்றை வடிகட்டும் பச்சை வலை நல்லது. அகலமான, தாழ்ந்த தொட்டிகளில் கீரை போடுங்கள்.

நாகர்கோவில்: அடுக்ககம். வெயிலே இல்லாத ஒரு ஜன்னல்தான் இருக்கிறது.

மணிபிளான்ட். அடித்தட்டில் தேங்கும் நீரை வாரம் தவறாமல் கொட்டுங்கள், டெங்குக் கொசுவுக்கு அதுவே போதும்.

தோவாளை: தொட்டியில் பிச்சி பூக்குமா?

பூச்சந்தைக்குப் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வியா! பூக்கும். அரை நாள் வெயிலும் பெரிய தொட்டியும் வேண்டும். டிசம்பர் கடைசியில் ஒன்றரை அடி விட்டு வெட்டிவிடுங்கள். புதுத் தளிரில்தான் மொட்டு வரும்.