தலையில் துணி கட்டிய சிறுமி

அன்புள்ள ஐயா,

நாஜிகளின் ஆஷ்விட்ஸ் கொலைமுகாம் பற்றிய உங்கள் குறிப்பை நண்பரிடம் காட்டினேன். 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள் என்பதே ஊதிப் பெருக்கிய கணக்கு என்கிறார். ஜிப்சிகள் திருட்டுக் குற்றத்துக்காகப் பிடிபட்டவர்கள், அவர்களை ஏன் இதில் சேர்க்கிறீர்கள் என்றும் கேட்கிறார். என்ன பதில் சொல்வது?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

முதல் கேள்விக்கு ஒரு தந்தி போதும். 1943 ஜனவரியில் ஹெர்மன் ஹோஃப்லே என்ற எஸ்.எஸ். (நாஜிகளின் துணைப்படை) அதிகாரி அனுப்பியது, பிரிட்டிஷ் உளவுத்துறை ஒட்டுக்கேட்டுப் பதிந்துவைத்தது. டிரெப்லிங்கா, சோபிபோர், பெல்செக், மைதானெக் ஆகிய நான்கு முகாம்களுக்கு 1942 முடிய வந்து சேர்ந்தவர்கள் 12,74,166 பேர். கொன்றவர்களே எழுதிவைத்த கணக்கு இது. ஆஷ்விட்ஸ் இதில் சேரவில்லை.

இரண்டாவது கேள்விதான் எனக்கு முக்கியம். உங்கள் நண்பர் சொன்னதை அவருக்கு முன்பே ஒரு நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1940 மே மாதம் சுமார் 2,500 ரோமா, சிந்தி மக்களை (ஜிப்சிகள் என்று உங்கள் நண்பர் சொல்பவர்கள் இவர்கள்தான்; சிந்தி என்பது ரோமாவில் ஒரு பிரிவு, சிந்து மாகாணத்தவர் அல்ல) ஜெர்மனியிலிருந்து போலந்துக்குக் கடத்தினார்கள். போருக்குப் பின் இழப்பீடு கேட்டு வழக்கு வந்தது. மேற்கு ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 1956-ல், அது இன ஒடுக்குமுறை அல்ல, பாதுகாப்பு நடவடிக்கை என்றது. இவர்களுக்குத் திருடும் சுபாவம் உண்டு என்றும் தீர்ப்பிலேயே எழுதியது. நாஜிகளின் காரணத்தை அப்படியே எடுத்து முத்திரை குத்திக் கொடுத்தது! 1963-ல் அதே நீதிமன்றம் ஓரளவு திருத்திக்கொண்டது. இது இனப்படுகொலைதான் என்று ஜெர்மன் அரசு ஒப்புக்கொள்ள 1982 ஆகிவிட்டது.

அப்புறம், நீங்களும் பார்த்திருக்கக்கூடிய ஒரு படம். சரக்கு ரயில் பெட்டியின் கதவிடுக்கில் தலையில் துணி கட்டிய ஒரு சிறுமி வெளியே பார்க்கிறாள். 1944 மே 19, நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் முகாம். யூதக் கைதியான ருடால்ஃப் பிரெஸ்லாவர் முகாம் தலைவனுக்காக எடுத்த படச்சுருளில் சில நொடிகள்தான் வருகிறாள். ஐம்பது ஆண்டுகள் அவளை யூதச் சிறுமி என்றே உலகம் நம்பியது. 1994-ல் ஆட் வாகனார் என்ற டச்சுப் பத்திரிகையாளர் தேடிக் கண்டுபிடித்தார்: அவள் செட்டெலா ஸ்டைன்பாக், சிந்திச் சிறுமி, வயது ஒன்பது. முகாமில் மொட்டையடித்துவிட்டார்கள், அதை மறைக்கத்தான் அந்தத் துணி. அன்று ரயிலேற்றப்பட்ட 245 ரோமா, சிந்தி மக்களில் அவளும் அம்மாவும் உடன்பிறந்தவர்களும் இருந்தார்கள். அவள் ஆஷ்விட்ஸிலிருந்து திரும்பவில்லை. ஒன்பது வயதில் எதைத் திருடியிருப்பாள் என்று நண்பரிடம் கேட்டுப் பாருங்கள்.

அவளை யூதச் சிறுமி என்று நினைத்தவர்கள் யாரும் எதையும் மறுக்கவில்லை. அவளுக்காக அழுதவர்கள்தான். ஆனாலும் ரோமா மக்கள் அந்த நினைவில் இல்லவே இல்லை. இதுவும் ஒருவகை மறுப்புதானோ என்று எனக்குத் தோன்றும்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ள வேண்டாம். ‘ஜிப்சி’ என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் முன்பு அப்படித்தான் எழுதினேன். அதற்கான ஜெர்மன் சொல் ‘சிகாய்னர்’ (Zigeuner). ஆஷ்விட்ஸில் அவர்கள் கையில் பச்சை குத்திய எண்ணுக்கு முன்னால் அச்சொல்லின் முதலெழுத்தான ‘இசட்’ இருக்கும். இனி ரோமா என்றே எழுதுவோமே.