கோவில்பட்டித் தம்பியின் ஐஸ் ஹாக்கி அணிக்கு ஒரு பதில்

கோவில்பட்டியிலிருந்து டொராண்டோ பக்கம் குடியேறிய தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “அண்ணாச்சி, ஊரில் ஹாக்கி ஆடியவன் என்று சொன்னதை நம்பி, அலுவலக நண்பர்கள் என்னை ஒரு பொழுதுபோக்கு ஐஸ் ஹாக்கி அணியில் சேர்த்துக்கொண்டார்கள். போன சீசன் முழுக்கத் தோல்வி. நன்றாக ஆடும் இருவர் களத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. சுமாராக ஆடுகிறவர்கள் மெல்ல வராமலேயே நின்றுவிட்டார்கள். கோல்கீப்பரை ஆளாளுக்குக் குறை சொல்கிறார்கள். செப்டம்பரில் அடுத்த சீசன். என்னைக் கேப்டனாக இருக்கச் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா? ஒற்றுமையை எப்படிக் கொண்டுவருவது?”

ஆனித் தேரோட்டத்துக்காக ஊருக்கு வந்தவன், பாளையங்கோட்டை வெயிலுக்குப் பயந்து மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து பனிக்கட்டியைப் பற்றி எழுதுகிறேன். இந்த வேடிக்கைக்காகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒற்றுமையைப் பற்றிப் பேசும் முன்னால், உங்கள் அணி சரியான பிரிவில்தான் ஆடுகிறதா என்று பாருங்கள். இந்தப் பொழுதுபோக்கு லீக்குகளில் திறமைக்கேற்பப் பல பிரிவுகள் உண்டு. நாலு வயதில் ஸ்கேட் கட்டியவர்கள் நிறைந்த பிரிவில், முப்பது வயதில் கற்றுக்கொண்டவர்களைக் கொண்டுபோய் நிறுத்தினால் எந்தக் கேப்டன் வந்தாலும் வாரம் எட்டு கோல் வாங்கத்தான் வேண்டும். லீக் நடத்துகிறவரிடம் பேசி ஒரு படி கீழே இறக்கச் சொல்லுங்கள். இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கனடா 1994இல் சட்டமே இயற்றி ஐஸ் ஹாக்கியைத் தன் குளிர்காலத் தேசிய விளையாட்டாக அறிவித்த நாடு. அங்கே கீழ்ப் பிரிவிலும் ஆட்டம் காரமாகத்தான் இருக்கும். ஜெயிப்பதற்காக வெளியிலிருந்து ஒரு கெட்டிக்காரரை இரவல் வாங்கும் யோசனையை யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அவர் இரண்டு கோல் போடுவார். உங்கள் ஆட்கள் இருவர் அவருக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

இப்போது உண்மையான நோய்க்கு வருகிறேன். அந்த இருவர் வெளியே வராததுதான் அது. மற்றவை எல்லாம் அதன் பின்விளைவுகள்.

நம்மூர் ஹாக்கியில் ஒருவர் பதினைந்து இருபது நிமிடம் தொடர்ந்து நின்று ஆடலாம். ஐஸ் ஹாக்கியில் முடியாது. கோல்கீப்பர் போக ஐந்து பேர்தான் பனியில் இருப்பார்கள். முழு வேகத்தில் சறுக்கினால் முக்கால் நிமிடத்தில் தொடை எரியத் தொடங்கிவிடும். அதனால்தான் ஒரு ஷிஃப்ட், அதாவது ஒருவர் பனியில் இறங்கி மாற்று ஆளுக்கு வழிவிடும்வரை ஆடும் நேரம், 45 வினாடி, மிஞ்சினால் ஒரு நிமிடம். அதற்கு மேல் நிற்பவர் ஆடுவதில்லை, மிதக்கிறார். எதிரணி பக்கை, அதாவது இங்கே பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வில்லையை, பறித்துக்கொண்டு திரும்பும்போது பின்னால் ஓடிவர அவர் காலில் தெம்பு இருக்காது. கோல் விழும். பழி கோல்கீப்பர் தலையில் விழும். இன்னொரு கணக்கும் இருக்கிறது. பொழுதுபோக்கு லீக்குகளில் பெரும்பாலும் கடிகாரம் நிற்காமல் ஓடும். ஒருவர் கூடுதலாக நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் பெஞ்சில் இருக்கும் இன்னொருவரின் பையிலிருந்து எடுத்தது. எல்லோரும் ஒரே கட்டணம் கட்டியவர்கள். இரவு பத்தரை மணி ஆட்டத்துக்கு, மறுநாள் காலை வேலையையும் வைத்துக்கொண்டு, கனத்த பையைத் தூக்கி வருகிறவர் பாதி நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புவதாக இருந்தால் எத்தனை வாரம் வருவார்? சுமாராக ஆடுகிறவர்கள் நின்றுவிட்டதை ஆர்வக்குறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அவர்களுக்கு ரோஷம் இருக்கிறது, அவ்வளவுதான்.

எனவே சீசனின் முதல் ஆட்டத்துக்கு முன்பே ஒரு விதியைப் பொதுவில் சொல்லிவிடுங்கள்: ஒரு நிமிடம் ஆனால் பெஞ்சுக்கு வரவேண்டும், யாராக இருந்தாலும். முதலில் நீங்கள் வாருங்கள். கோல் போடும் வாய்ப்பு தெரிகிறபோதும் நேரம் ஆனதும் திரும்பி வருகிற கேப்டனைப் பார்த்த பிறகு மற்றவர்கள் நிற்கக் கூசுவார்கள். எப்போது மாறுவது என்பதையும் பழக்குங்கள். பக்கை எதிரணியின் மூலைக்குத் தள்ளிவிட்டு மாறவேண்டும். அது நம் பக்கம் வந்துகொண்டிருக்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு பெஞ்சுக்குப் போகிறவரை மன்னிக்கக் கூடாது. வெளியே வருகிறவர் தன் இடத்தை உரக்கச் சொல்லவேண்டும், உள்ளே போகிறவர் அவர் பெஞ்சை நெருங்கும்வரை பொறுக்கவேண்டும். பொறுக்காமல் குதித்தால் ஆள் அதிகம் என்று இரண்டு நிமிடத் தண்டனை. சொல்லப்போனால் அணியின் பேச்சுவார்த்தை இந்தப் பெஞ்சில்தான் தொடங்குகிறது. “இடது ஓரம் வருகிறேன்” என்று சத்தம் போட்டுப் பழகியவர்கள் மற்ற விஷயங்களையும் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

அந்த இரு கெட்டிக்காரர்களையும் ஒரே வரிசையில், அதாவது ஒன்றாகக் களமிறங்கி ஒன்றாக வெளியே வரும் குழுவில், சேர்க்காதீர்கள். ஆளுக்கு ஒரு வரிசையைக் கொடுங்கள், பக்கத்தில் புதியவர்களை நிறுத்துங்கள். எல்லோர் முன்னாலும் சொல்லாமல், கார் நிறுத்துமிடத்தில் தனியாகச் சொல்லுங்கள்: “இந்த வருஷம் உங்கள் வேலை கோல் போடுவது இல்லை, அவரைப் போடவைப்பது.” இதற்கு ஆட்டமே துணை நிற்கிறது. ஐஸ் ஹாக்கியில் ஒரு கோலுக்கு, போட்டவரோடு அவருக்குப் பக் வந்துசேர உதவிய இருவர் வரை பெயர் எழுதுகிறார்கள். ஒரு கோலில் மூன்று பேருக்குக் கணக்கு. வாழ்க்கையில் முதல் கோல் போட்டவருக்கு அந்தப் பக்கையே எடுத்துக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. நாற்பது வயதுக் கணக்காளர் ஒருவர் அந்தக் கறுப்பு ரப்பர் வில்லையை வாங்கும்போது முகத்தைப் பாருங்கள். பிறகு அவர் பனிப்புயல் அடித்தாலும் ஆட்டத்துக்கு வந்துவிடுவார்.

கோல்கீப்பர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கால் காப்பும் நெஞ்சுக் காப்பும் மற்றவர்களுடையதைவிட விலை அதிகம். அந்த வேலைக்கு ஆள் கிடைப்பதும் அரிது, பல அணிகளில் அவருக்குக் கட்டணத்தைக் குறைக்கிறார்கள் அல்லது வாங்குவதே இல்லை. நம் நெல்லையப்பர் தேரில் வடம் பிடித்தவர்கள் எல்லோரும் தாங்கள்தான் இழுத்ததாகச் சொல்வார்கள். சக்கரத்துக்கு அடியில் குனிந்து கட்டை போட்டுத் தேரைத் திருப்பியவர் பெயர் யாருக்கும் தெரியாது. உங்கள் கோல்கீப்பரும் பின்னால் நிற்கும் இரு தடுப்பாளர்களும் அந்தக் கட்டை போடுகிறவர்கள். ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில் யாரும் அவர் தலை உயரத்துக்கு அடிக்கக் கூடாது. முடிந்ததும், பத்து கோல் விழுந்திருந்தாலும், எல்லோரும் நேரே அவரிடம் போய் மட்டையால் அவர் கால் காப்பைத் தட்டவேண்டும். அங்கே அது மரியாதை. கோலுக்குக் காரணம் தேடும் பேச்சு பெஞ்சில் கேட்டால் உடனே நிறுத்துங்கள்.

திருத்திச் சொல்லும் முறையிலும் கவனம் தேவை. நம் பக்கத்தில் கோச் மைதான ஓரத்தில் நின்று கத்தினால் பையன் அதை அக்கறையாகத்தான் எடுத்துக்கொள்வான். கத்தாமல் விட்டால்தான் கவலைப்படுவான். அங்கே பணம் கட்டி ஆட வந்த பெரியவர்கள் கத்தலைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே போவார்கள், அடுத்த வாரம் வரமாட்டார்கள். ஒரு ஷிஃப்டுக்கு ஒரு விஷயம், அதுவும் மூச்சு வாங்கி முடித்த பிறகு, அது போதும்.

வருகிறேன், வரவில்லை என்பதை இரண்டு நாள் முன்பே குழுவில் எழுதவேண்டும் என்று வையுங்கள். உடுப்பு, பெயர், சின்னம் இவற்றையெல்லாம் ஆர்வமுள்ள வேறொருவரிடம் விட்டுவிடுங்கள்.

உடை மாற்றும் அறையிலிருந்து ஓடிவிடாதீர்கள். ஈரக் கையுறை நாற்றத்துக்கு எந்த நாட்டு மூக்கும் பழகுவதில்லை, ஆனாலும் ஆட்டம் முடிந்த அந்த இருபது நிமிடம்தான் ஆட்கள் ஒருவரையொருவர் அறிகிற நேரம். பீர் சுற்றிவரும். குடிக்காதவர் என்றால் ஒரு சோடாவோடு உட்காருங்கள், யாரும் வற்புறுத்துவதில்லை. ஊர்க் கடலை மிட்டாய் கொண்டுபோக நினைப்பீர்கள். களைத்த காலுக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் அங்கே நிலக்கடலை ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாவது உண்டு. எல்லோரிடமும் கேட்டுவிட்டுப் பொட்டலத்தைப் பிரியுங்கள்.

உங்கள் ஆட்டத்துக்கு ஒரு சொல். ஊர்ப் பழக்கத்தில் இடது கையை மட்டையின் மேல்முனையில் பிடித்திருப்பீர்கள். ஐஸ் ஹாக்கியில் அப்படிப் பிடிப்பவர் வலப்பக்க ஆட்டக்காரர். கனடாவில் இடப்பக்கத்தவர்களே அதிகம் என்பதால் அணிக்கு நீங்கள் தேவைப்படுகிற ஆள். மட்டையின் ஒரு பக்கத்தால் மட்டும் ஆடவேண்டும் என்ற கட்டுப்பாடும் இல்லை, இரு பக்கமும் அடிக்கலாம். கை வந்துவிடும், கால்தான் வரவேண்டும். குளிர்காலத்தில் பூங்காக்களில் நகராட்சியின் திறந்தவெளித் தளங்கள் இருக்கும். அங்கே கட்டுப்பாடில்லாமல் விளையாட்டாக ஆடும் ஹாக்கிக்கு ஷின்னி என்று பெயர், அதற்கு அணியையே கூட்டிப் போங்கள். புள்ளிப்பலகை இல்லாத இடத்தில் அந்தக் கெட்டிக்காரர்களும் கற்றுக்கொடுக்கத் தொடங்குவார்கள்.

கேப்டன் பொறுப்பை ஒப்புக்கொள்ளுங்கள். ஆகஸ்டிலேயே மாற்றுக் கோல்கீப்பர் ஒருவரையாவது பேசி வைத்துவிடுங்கள். நடுவரிடம் தீர்ப்பைப் பற்றிக் கேட்கும் உரிமை கேப்டனுக்கு உண்டு, துணைக் கேப்டனுக்கும் உண்டு. அந்த வேலையை மட்டும் குரல் உயராத ஒருவரைத் துணைக் கேப்டனாக்கி அவரிடம் கொடுங்கள். கோவில்பட்டிக்காரர்கள் நடுவரிடம் பேசுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.