ஒரே வேலைக்கு இரண்டு அமைப்புகளா?

கேள்வி: உடல்நலம், குழந்தைகள் பாதுகாப்பு, உயிர் மீட்பு என எல்லாவற்றுக்கும் தேசிய அளவில் பொது அமைப்புகள் இருக்கின்றன. அதே வேலைகளைத் தன்னார்வத் தொண்டு நிறுவனங்களும் செய்கின்றன. ஒரே வேலைக்கு இரண்டு அமைப்புகள் எதற்கு? குறைந்த செலவிலும் கூடுதல் அக்கறையோடும் செய்கிற தொண்டு நிறுவனங்களிடமே எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டால் வரிப்பணம் மிச்சமாகுமே? சம்பளத்துக்கு ஆள் வைத்து நடத்துவதைத் தொண்டு என்று எப்படி ஏற்பது?

பதில்: வேலை ஒன்றுபோலத் தெரியலாம், பொறுப்பு ஒன்றல்ல. ஒரு வேலையை யார் செய்கிறார்கள் என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். அது நடக்காமல் போனால் யாரைக் கேட்பது என்பதையும் சேர்த்துக் கேட்டிருந்தால் உங்கள் கேள்வியின் முதற்பகுதி எழுந்திருக்காது. தேசியப் பொது அமைப்பைச் சட்டம் உருவாக்குகிறது. கடமையையும் சட்டமே விதிக்கிறது. தகுதியுள்ள ஒருவர் வந்து நின்றால், பிடிக்கவில்லை என்றோ இந்த ஆண்டு முடியாது என்றோ சொல்லித் திருப்பி அனுப்ப அதற்கு உரிமை கிடையாது. அப்படி அனுப்பினால் மேல்முறையீடு உண்டு, நீதிமன்றம் உண்டு, தணிக்கை உண்டு, நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க வழி உண்டு. தொண்டு நிறுவனமோ சிலர் தாமாகக் கூடித் தாமாகத் தேர்ந்துகொண்ட ஒரு பணியைச் செய்வது. அதைத் தொடங்கச் சொல்லி யாரும் ஆணையிடவில்லை; நிறுத்தக் கூடாது என்று யாரும் தடுக்கவும் முடியாது.

இந்த இரண்டும் முட்டிக்கொள்ளாமல் இயங்குவதைப் பிரிட்டனின் கடற்கரையில் பார்க்கலாம். அங்கே கடலோரக் காவல் அமைப்பு 1822-இல் கடத்தல் தடுப்புக்காக அரசால் அமைக்கப்பட்டது. அடுத்த இரண்டாம் ஆண்டில், 1824-இல், வில்லியம் ஹிலாரி என்பவரின் முயற்சியால், இன்று ராயல் தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனம் என்று அழைக்கப்படும் தொண்டு அமைப்பு பிறந்தது. கடலில் ஒருவர் சிக்கிக்கொண்டால் அவசர அழைப்பை ஏற்று, எந்தப் படகு எங்கே போக வேண்டும் என்று ஒருங்கிணைக்கும் கடமை இன்று அந்த அரசு அமைப்பினுடையது. புறப்படும் படகோ பெரும்பாலும் நன்கொடையில் கட்டப்பட்டது, அதில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் தத்தம் பிழைப்பை விட்டுவிட்டு ஓடிவரும் தொண்டர்கள். இந்த நிறுவனம் 1854 முதல் அரசு மானியம் பெற்றுக்கொண்டிருந்து, 1869-இல் அது வேண்டாம் என்று விட்டுவிட்டது. இன்றைக்கு மானியத்தை விடும் நிறுவனத்தைத் தேடிப் பிடிப்பது கடினம்.

தொண்டு நிறுவனத்தின் உண்மையான பலம், யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் ஒன்றைச் செய்துபார்க்கும் சுதந்திரத்தில் இருக்கிறது. இனிக் குணமாகாது என்று மருத்துவமனை கைவிட்ட நோயாளிகளின் வலியைத் தணிப்பதும் ஒரு மருத்துவமே என்று நிறுவ, சிசிலி சாண்டர்ஸ் என்ற மருத்துவர் 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கியபோது, தேசிய நலவாழ்வுச் சேவை என்ற மாபெரும் பொது அமைப்பு அங்கே ஏற்கனவே 19 ஆண்டுகளாக இயங்கிக்கொண்டிருந்தது. அதற்கு வெளியே நின்றுதான் அவர் அதைச் செய்தார்; பிறகு அந்த முறை அரசு மருத்துவத்துக்குள்ளும் பரவியது.

வங்கதேசத்தில் 1972-இல் தொடங்கப்பட்ட பிராக் என்ற தொண்டு அமைப்பின் கதை இன்னும் கூர்மையானது. வயிற்றுப்போக்கால் குழந்தைகள் இறப்பதைத் தடுக்க, உப்பும் வெல்லமும் நீரும் சேர்த்துக் கரைசல் தயாரிக்கத் தாய்மார்களுக்கு வீடுவீடாகக் கற்றுக்கொடுக்கும் திட்டத்தை அது 1980-இல் விரிவாகத் தொடங்கியது. எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்பதைக் கணக்கிடாமல், கற்றுக்கொண்ட தாய் பிறகு எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார் என்பதைச் சோதித்து, அதன்படியே பயிற்றுநருக்கு ஊதியம் தரப்பட்டது. பத்தாண்டுகளில் ஏறத்தாழ 1.2 கோடி வீடுகளை எட்டினார்கள். ஓர் அரசுத் துறையில் இப்படி ஊதிய முறையை மாற்றுவதற்குள் எத்தனை கோப்புகள் எத்தனை மேசைகளைக் கடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அதே நாட்டில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் வேலை வந்தபோது பிராக் தனியே இறங்கவில்லை. அரசோடு சேர்ந்தே செய்தது. குளிர்பதன வசதியோடு எல்லா மாவட்டங்களுக்கும் மருந்து போய்ச் சேர வேண்டும், ஆண்டுதோறும் தவறாமல் போய்ச் சேர வேண்டும் என்றால் அதற்கு அரசு வேண்டும்.

இனி உங்கள் சிக்கனக் கணக்கு. தொண்டு நிறுவனம் குறைந்த செலவில் செய்கிறது என்றால், மீதிச் செலவை யார் ஏற்கிறார்கள் என்று கேட்க வேண்டும். பல இடங்களில் அதை ஏற்பவர்கள் குறைந்த சம்பளத்துக்கு, ஒப்பந்தம் முடியும்வரை மட்டும், ஓய்வூதியம் இல்லாமல் உழைப்பவர்கள். வேறு சில இடங்களில் நன்கொடையாளர்கள். வரிப்பணம் மிச்சமாகவில்லை, சுமை கண்ணுக்குத் தெரியாத தோளுக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான். நன்கொடையும் சமமாகப் பாய்வதில்லை. குழந்தைகளின் புற்றுநோய்க்கு அள்ளிக் கொடுக்கிறவர்கள் சிறையிலிருந்து விடுதலையானவரின் மறுவாழ்வுக்குக் கொடுப்பதில்லை. தொண்டர்கள் நிறைந்த ஊரில் மூன்று அமைப்புகள் இருக்க, தேவை மிகுந்த ஊரில் ஒன்றுகூட இல்லாமலிருப்பதும் உண்டு. இந்த ஏற்றத்தாழ்வை அக்கறையால் மட்டும் சரிசெய்ய முடியாது. லண்டனில் பல ஆண்டுகள் அரசு மானியம் பெற்றுவந்த கிட்ஸ் கம்பெனி என்ற குழந்தைகள் அமைப்பு 2015 ஆகஸ்டில் மூடப்பட்டபோது, அதை நம்பியிருந்த குழந்தைகளைக் கவனிக்கும் பொறுப்பு உள்ளாட்சி மன்றங்களிடம்தான் வந்து நின்றது. நீங்கள் சொல்கிறபடி எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டால் அப்படி வந்து நிற்பதற்கு ஓர் இடமும் இருக்காது.

இங்கிலாந்தின் 1989 குழந்தைகள் சட்டம் இந்த எல்லைக்கோட்டைக் கவனமாக வரைந்திருக்கிறது. ஆபத்திலுள்ள குழந்தையைப் பாதுகாப்பில் எடுக்க ஆணை கோரி நீதிமன்றத்தை அணுகும் அதிகாரத்தை உள்ளாட்சி மன்றங்களோடு, குழந்தைகள் வன்கொடுமைத் தடுப்புக்கான தேசியச் சங்கம் என்ற தொண்டு நிறுவனத்துக்கும் அது தந்துள்ளது. ஆணையிடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வதோ நீதிமன்றம்தான். ஒரு குடும்பத்திலிருந்து குழந்தையைப் பிரிப்பது போன்ற அதிகாரம், எவ்வளவு நல்ல மனம் படைத்தவர்களிடமும் முழுமையாகப் போய்ச் சேரக் கூடாது.

பொது அமைப்புகளுக்கும் இதில் கெட்ட பழக்கங்கள் உண்டு. எல்லாம் முடிவான பிறகு தொண்டு நிறுவனங்களை அழைத்துக் கருத்துக் கேட்பது அவற்றுள் ஒன்று. ஆட்குறைப்பு செய்த இடத்தைத் தொண்டர்களைக் கொண்டு நிரப்பிவிட்டு அதற்குக் கூட்டாண்மை என்று பெயர் வைப்பது இன்னொன்று. எல்லாவற்றினும் கொடியது, பணத்தைக் கொடுத்துவிட்டு வாயைக் கட்டுவது. பிரிட்டிஷ் அரசும் இங்கிலாந்தின் தொண்டுத் துறையும் 1998-இல் செய்துகொண்ட உடன்பாடு, நிதி பெறும் அமைப்பும் அரசின் கொள்கையை விமர்சிக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. அதே நாட்டில் 2016-இல், மானியப் பணத்தை அரசின் முடிவுகளில் செல்வாக்குச் செலுத்தப் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனையை எல்லா மானிய ஒப்பந்தங்களிலும் சேர்க்க அரசு முனைந்தது. ஆராய்ச்சியாளர்களும் தொண்டு அமைப்புகளும் கடுமையாக எதிர்த்ததால், நடைமுறைக்கு வருமுன்பே அது நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் எழுதப்படாத நிபந்தனையை யாராலும் நிறுத்திவைக்க முடியாது. தன் வருமானம் முழுவதும் ஒரே துறையிலிருந்து வருகிற நிறுவனம் அந்தத் துறையின் தவறை வெளியே சொல்லும் என்று நான் நம்பவில்லை. அப்படிப்பட்ட நிறுவனம் நல்ல சேவையைத் தரலாம். ஆனால் அது அந்தத் துறையின் ஒப்பந்ததாரர் மட்டுமே. அரசைத் தட்டிக் கேட்கும் பொறுப்பை அதனிடம் எதிர்பார்ப்பது வீண்.

சம்பளம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். செவிலியரும் கணக்காளரும் ஓட்டுநரும் சம்பளம் வாங்கினால் தொண்டு நிறுவனத்தின் தன்மை மாறிவிடாது. இங்கிலாந்தில் பொதுவாக நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள்தாம் ஊதியம் பெறுவதில்லை, ஊழியர்கள் பெறுகிறார்கள். நிறுவனத்தின் வரவு செலவைக் கேட்டுப் பாருங்கள், அதன் குழுவைத் தேர்ந்தெடுப்பவர் யார் என்றும் கேளுங்கள். குழுவில் பாதிப்பேரை அமைச்சகம் நியமிக்கிறது என்று தெரியவந்தால், சம்பளத்தைவிட அதைப் பற்றித்தான் நீங்கள் எனக்கு எழுத வேண்டும்.