ரேடியாட்டா பைன்: பொறுக்கி எடுத்த மரங்கள்

ஐயா, வணக்கம். நியூசிலாந்தில் பலகைக்காக வளர்க்கும் ரேடியாட்டா பைன் தோட்டங்களைப் பற்றியும், நல்ல மரங்களைப் பொறுக்க அங்கே நடந்த 70 வருட ஆராய்ச்சியைப் பற்றியும் எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒரு சந்தேகம். நன்றாக வளர்ந்த மரத்தின் விதையை எடுத்து நட்டால் வேலை முடிந்தது, இதற்கு எதற்கு 70 வருட ஆராய்ச்சி? மரபணு மாற்றத்தைத்தான் நாசூக்காகச் சொல்கிறார்களா?
கு.

அன்புள்ள கு.,

மரபணு மாற்றம் இல்லை. மரபணு மாற்றிய மரங்களை ஆய்வுக்காகக் கொஞ்சம் நட்டுப் பார்த்தார்கள், அவ்வளவுதான். வணிகத் தோட்டங்களில் நிற்பதெல்லாம் பழைய வழியில், பொறுக்கிப் பொறுக்கி மகரந்தம் சேர்த்து வந்தவை.

1950களில் நியூசிலாந்துக்காரர்களும் நீங்கள் சொல்வது போலத்தான் ஆரம்பித்தார்கள். கோணலும் கவட்டையுமாக நின்ற காட்டில் நேராக ஓங்கிய மரங்களைத் தேடிப்பிடித்து, நுனிக் கிளையை ஒட்டுக் கட்டி, விதைத் தோட்டம் போட்டார்கள். ஆனால் ஒரு மரம் பருத்திருப்பதற்கு அதன் வம்சம் காரணமா, காலடி மண் காரணமா, அல்லது பக்கத்து மரம் செத்து வெயில் கிடைத்ததா என்பது பார்வைக்குத் தெரியாது. அதன் பிள்ளைகளைப் பல இடங்களில் நட்டு எட்டு வருடமாவது காத்திருக்க வேண்டும். ஒரு தலைமுறைக்கே இவ்வளவு காலம் என்றால் 70 வருடம் எனக்கு அதிகமாகத் தோன்றவில்லை.

அப்புறம், எதை 'நல்லது' என்பது? கிளையையே எடுங்கள். கிளை அடுக்குகள் தள்ளித் தள்ளி இருந்தால் இடையில் கணு (பலகையில் கிளை விட்ட முடிச்சு) இல்லாத சுத்தமான பலகை கிடைக்கும், ஆனால் இருக்கிற கிளைகள் தடித்துப்போய்ப் பெரிய கணுவாகிவிடும். அடுக்குகள் நெருக்கமாக இருந்தால் சின்னச் சின்னக் கணு, எண்ணிக்கை ஜாஸ்தி. பெரும்பாலும் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், மரமும் நேராக வளர்ந்தது.

சிக்கல் உள்ளே இருந்தது. உயரம், பருமன், நேரான வளர்ச்சி ஆகியவற்றை வைத்தே பொறுக்கியதில் கட்டையின் அடர்த்தி பின்னால் போய்விட்டது. வேகமாகப் பருக்கும் மரத்தில் அடர்த்தி குறைகிற போக்கு உண்டு. தவிர, சீக்கிரம் பருத்ததைச் சீக்கிரம் வெட்டினால், நடுத்தண்டைச் சுற்றிய முதல் பத்து ஆண்டு வளையங்களின் இளங்கட்டைதான் அதிகம் வரும். அது விறைப்பில்லாதது, காயும்போது முறுக்கிக்கொள்ளும், வீடு கட்டும் மரச்சட்டத்துக்கு ஆகாது. ஆகவே பின்னால் அடர்த்தியையும் விறைப்பையும் தேர்வில் சேர்த்தார்கள். நிற்கிற மரத்தில் தட்டி ஒலி எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்த்தே விறைப்பைக் கணிக்கிறார்கள், மரத்தை வெட்ட வேண்டியதில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

இன்னொன்று. இந்த மரத்தின் பூர்வீகம் மொத்தமே ஐந்து இடம்: கலிபோர்னியக் கரையில் மூன்று, மெக்சிகோவின் இரண்டு தீவுகள். நியூசிலாந்துக்குப் போனது பெரும்பாலும் கலிபோர்னியாவின் இரண்டு இடத்து வம்சம்தான். மிச்ச வம்சங்களும் கைவசம் இருக்கட்டும் என்று 1978-ல் ஐந்து இடங்களிலிருந்தும் விதை சேகரித்தார்கள். அவற்றில் குவாடலூப் தீவு மரத்துக்கு அடர்த்தி அதிகம், அதாவது இவர்கள் தவறவிட்ட அதே குணம். அந்தத் தீவிலோ யாரோ எப்போதோ இறக்கிவிட்ட ஆடுகள் கன்றுகளை மேய்ந்து தீர்த்து, கடைசியில் சில நூறு கிழட்டு மரங்களே மிஞ்சியிருந்தன. ஆடுகளை அப்புறப்படுத்திய பிறகுதான் அங்கே மறுபடி கன்று முளைத்தது.