15 வாட் சார்ஜரில் 4 வாட்தான் ஏறுகிறது, ஏன்?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் கணவரோடு சேர்ந்து மருந்துக்கடை நடத்தும் சகோதரி ஒருவர் கேட்கிறார்:

“கல்லாப்பெட்டி பக்கத்தில் வைக்கலாம் என்று புதுச்சேரி நேரு வீதியில் ஒரு வயர்லெஸ் சார்ஜர் வாங்கினோம். 15 வாட் என்று போட்டிருக்கிறது. எங்கள் போனும் 15 வாட் வயர்லெஸ் ஏற்கும், பேட்டரி 5000 எம்ஏஎச். ஆனால் 20 சதவீதத்தில் வைத்தால் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் 60-ஐத் தொடுகிறது. கத்திரி வெயில் என்பதால் இருக்குமோ என்று இரவு கடை மூடும் நேரத்திலும் வைத்துப் பார்த்தோம், அப்போதும் அதே கதைதான். கேபிளில் போட்டால் ஒரு மணி நேரத்தில் நிரம்பிவிடும். சார்ஜரோடு அடாப்டர் வரவில்லை, பழைய போனோடு வந்ததைப் போட்டிருக்கிறோம். சார்ஜர் மட்டமானதா? திருப்பிக் கொடுத்துவிடலாமா? இதனால் போன் கெட்டுவிடுமா?”

சகோதரி, நீங்கள் நேரத்தையும் சதவீதத்தையும் குறித்து வைத்ததுதான் பெரிய உதவி. “மெதுவாக ஏறுகிறது” என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் குத்துமதிப்பாகத்தான் பதில் சொல்லியிருப்பேன். இப்போது கணக்குப் போடலாம். 5000 எம்ஏஎச் பேட்டரி முழுதாகப் பிடிக்கும் ஆற்றல் ஏறக்குறைய 19 வாட்-மணி. அதில் 40 சதவீதம் என்றால் ஏழரை வாட்-மணிக்குச் சற்று மேல். அது ஏற இரண்டு மணி நேரம் ஆகிறது. அப்படியானால் உங்கள் பேட்டரிக்குள் போவது 4 வாட்கூட முழுதாக இல்லை. உங்கள் வயர்லெஸ் சார்ஜர் தட்டு 15 வாட்டில் ஓடவில்லை, 5 வாட் நிலையில் ஓடுகிறது. தட்டு கெட்டுப்போயிருந்தால் இப்படிச் சீராக ஏறாது, விட்டுவிட்டு ஏறும், அல்லது ஏறவே ஏறாது. அதனால் திருப்பிக் கொடுக்க அவசரப்பட வேண்டாம். முதலில் அந்தப் பழைய அடாப்டரை எடுத்து, அதன் முதுகில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள்.

“5 வோல்ட், 2 ஆம்பியர்” என்று மட்டும் இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அது தருவது மொத்தமே 10 வாட். வயர்லெஸ் தட்டுகள் வேகமான நிலைக்குப் போக அடாப்டரிடம் பொதுவாக 9 வோல்ட் கேட்கும். அது கிடைக்காவிட்டால் சண்டை போடாது, சத்தமில்லாமல் 5 வாட்டுக்கு இறங்கிவிடும். போன் திரையில் சார்ஜ் ஏறுவதாகத்தான் காட்டும். பெட்டியில் போட்டிருக்கும் 15 வாட் என்பது அந்தத் தட்டால் அதிகபட்சம் தர முடிந்த அளவு. அடாப்டர், கேபிள், தட்டு, போன் என்ற நாலு பேரில் யார் குறைவானவரோ அவர் அளவுக்குத்தான் ஏறும். இதை விற்கிறவர்கள் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் பாதிப் பேருக்கு இந்தக் குழப்பமே வராது. சொல்வதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

வாங்குவதாக இருந்தால் பவர் டெலிவரி (PD) என்ற வேக சார்ஜ் வசதியுள்ள, 20 வாட்டுக்குக் குறையாத அடாப்டர் வாங்குங்கள். முதுகில் 9 வோல்ட் என்ற வரி கட்டாயம் இருக்க வேண்டும். அதை மாட்டினால் அதே 20-லிருந்து 60 வரை ஏற முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அப்போதும் கேபிளை எட்டாது.

ஏன் எட்டாது என்றால், தட்டுக்குள் ஒரு செம்புக் கம்பிச் சுருள் இருக்கிறது, போனின் முதுகுக்குள் இன்னொன்று. தட்டுச் சுருளில் நொடிக்கு லட்சம் முறைக்கு மேல் திசை மாறும் மின்சாரம் ஓடுகிறது. அதனால் உண்டாகும் காந்தப்புலம் போனின் சுருளில் மின்சாரத்தை எழுப்புகிறது. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த தத்துவம்தான். வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் அதிலும் இதே வேலைதான் நடக்கிறது, அங்கே பாத்திரத்தைச் சூடாக்குவது நோக்கம். போனில் சூடு நமக்கு வேண்டாத பொருள், ஆனாலும் கொஞ்சம் வந்தே தீரும். சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வழியில் சூடாகப் போய்விடுவது வயர்லெஸ்ஸில் சாதாரணம். இரண்டு சுருளும் நேருக்கு நேர் அமராமல் சில மில்லிமீட்டர் விலகினாலும் இழப்பு கூடும். தடித்த ரப்பர் பவுச் இருந்தாலும் அப்படித்தான். பவுச் 3 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். கார் ஸ்டாண்டுக்காக ஒட்டும் இரும்புத் தகடு பின்னால் இருந்தால் கழற்றிவிடுங்கள்.

இன்னொன்று, எவ்வளவு வேண்டும் என்று கேட்பது போன்தான். தட்டின் மேல் உட்கார்ந்தபடியே போன் “கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் குறை” என்று தட்டுக்குச் சேதி அனுப்பிக்கொண்டே இருக்கும். உள்ளே சூடு ஏறினால் “குறை” என்றுதான் சொல்லும். மே மாதத்து மதியம், ஏசி இல்லாத கடை என்றால் எந்த உயர்ந்த தட்டும் வேகம் குறைந்துதான் ஓடும். உங்கள் விஷயத்தில் இரவிலும் அதே வேகம் என்றதால்தான் வெயிலை முதல் குற்றவாளியாக நான் எண்ணவில்லை.

இந்தத் தட்டுகளுக்கெல்லாம் பொதுவான தரத்தின் பெயர் ‘சீ’ (Qi). உயிராற்றலைக் குறிக்கும் சீனச் சொல். 2010-இல் வந்தபோது அது 5 வாட்தான். 2023-இல் வந்த ‘சீ2’ தரத்தில் காந்த வளையம் சேர்ந்தது. போனை வைத்ததும் இழுத்துச் சரியான இடத்தில் உட்கார வைத்துவிடும், அதனால் 15 வாட் நிஜமாகவே கிடைக்கிறது. உங்கள் போனிலோ அதன் பவுச்சிலோ காந்த வளையம் இருந்தால், அடுத்த தட்டு வாங்கும்போது காந்தம் உள்ளதாகப் பாருங்கள். ஐபோன் 12 அல்லது அதற்குப் பிந்தைய, காந்தம் உள்ள ஐபோன் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும், காந்தமில்லாத சாதாரணத் தட்டில் அவர்களுக்கு 7.5 வாட்தான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்று கேட்கிறேன். கடை மேசைக்கு உங்களுக்கு வேகம் வேண்டுமா?

மருந்துக்கடையில் போன் ஒரு இடத்தில் கிடக்காது. வாட்ஸ்அப்பில் மருந்துச்சீட்டு வரும், பணம் விழுந்ததா என்று பார்க்க வேண்டும், மொத்த வியாபாரியிடம் பேச வேண்டும். கேபிள் என்றால் ஒவ்வொரு தடவையும் பிடுங்கிச் செருக வேண்டும். டைப்-சி பின் 10,000 முறை செருகி எடுப்பதைத் தாங்கும்படி வரையறுக்கப்பட்டது. ஒரு நாளைக்கு 25 முறை என்றால் ஆண்டுக்கு 9,000 தாண்டிவிடும். தட்டில் வைப்பதும் எடுப்பதும் அந்தக் கணக்கில் சேராது. போன் ஒரு நாளில் ஆறு மணி நேரம் தட்டில் இருந்தாலே, நீங்கள் குறை சொல்லும் அந்த 4 வாட்டிலும் 20 வாட்-மணிக்கு மேல் ஏறிவிடும். அதாவது முழு பேட்டரியைவிடக் கூடுதல். கடை மேசைக்கு இது தாராளம். அதிலும் சூடு குறைவு என்பதால், கத்திரி முடியும் வரை பழைய அடாப்டரையே விட்டுவையுங்கள் என்பதுதான் என் யோசனை. அவசரத்துக்கு ஒரு மணி நேரத்தில் நிரப்ப உங்களிடம் கேபிள் இருக்கிறதே.

நம் ஊருக்கென்றே ஒரு காரணமும் உண்டு. நான் புதுச்சேரியில் போன் பழுது பார்க்கிற மேசையில் பல ஆண்டு உட்கார்ந்தவன். தேவனாம்பட்டினம், கடலூர் முதுநகர்ப் பக்கமிருந்து வரும் போன்களில் சார்ஜ் பின் பச்சை பூத்துக் கிடக்கும். உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து பின்னுக்குள் இருக்கும் மெல்லிய உலோகப் பூச்சை அரித்துவிடுகின்றன. மீன்பிடிக்கப் போகிறவர்கள் ஈரக் கையோடு கேபிள் செருகிச் செருகியே சார்ஜ் போர்டு மாற்றும் நிலைக்கு வந்துவிடுவார்கள். பின்னில் ஈரம் என்று போன் எச்சரித்துக் கேபிளை மறுக்கும்போது, முதுகைத் துடைத்துத் தட்டில் வைத்தால் சார்ஜ் ஏறும். கடலோரத்தில் வயர்லெஸ்ஸின் உண்மையான பயன் இதுதான் என்பது என் அனுபவம்.

போன் கெடுமா என்று கேட்டீர்கள். லித்தியம் பேட்டரியை முதுமையாக்குவது சூடும், எப்போதும் 100 சதவீதத்திலேயே நிறுத்தி வைப்பதும். போன் அமைப்பில் 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். தட்டு மின்விசிறிக் காற்று படும் இடத்தில் இருக்கட்டும், கண்ணாடி வழியே மேற்கு வெயில் விழும் மூலையில் வேண்டாம். மின்கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். தினமும் முழு பேட்டரி ஏற்றினாலும் கேபிளைவிடக் கூடுதலாகச் செலவாவது ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று யூனிட்.

ஆனால் உங்கள் கடைக்கென்று கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று. மாத்திரை அட்டைகளின் அலுமினியத் தாள் தட்டுக்கும் போனுக்கும் நடுவில் சிக்கக் கூடாது. காந்தப்புலத்தில் அந்தத் தாள் சுடும். உலோகம் இருந்தால் கண்டுபிடித்து நிற்கும் பாதுகாப்பு தட்டுகளில் உண்டு, ஆனாலும் மெல்லிய தாளுக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். நாணயம், சாவி, ஏடிஎம் கார்டு ஆகியவற்றுக்கும் இதுவே விதி. இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் வந்து நிற்கும் இடம் உங்கள் கடை. சார்ஜில் இருக்கும் போனும் தட்டும் அவர்கள் மார்பிலிருந்து 30 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி இருக்க வேண்டும். மேசையின் வெளி விளிம்பை விட்டு உங்கள் பக்கம் நகர்த்தி வையுங்கள்.

கேபிளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபின் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் இருந்தோம் என்பது உங்களுக்கும் நினைவிருக்கும். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சலும் புதுச்சேரி அருகேதான் கரையேறியது. அந்த நாட்களில் கையில் இருப்பது பவர் பேங்க் மட்டும். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் கேபிள் வழியாக உங்கள் போனை ஒன்றரை தடவை நிரப்பும் என்றால், அதன் முதுகிலேயே இருக்கும் வயர்லெஸ்ஸில் வைத்தால் ஒரு தடவை நிரப்பவே திணறும். மிச்சமெல்லாம் சூடாகப் போய்விடும். ஐப்பசி பிறக்கும் முன் மெழுகுவத்தி, தீப்பெட்டி வைக்கும் டப்பாவில் நல்ல கேபிள் ஒன்றையும் சுருட்டி, ஈரம் படாத பையில் போட்டு வையுங்கள்.